முன் நிற்கும் 'இல்லை'

வற்றாப்பளையில் என் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுவதுண்டு. ஆங்கில ஆசிரியனாக நெடுங்காலம் கடமை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வு என்பது அரசாங்கம் தந்ததேயன்றி, ஊர்ப் பிள்ளைகள் தந்ததன்று. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவர்கள் கொப்பிகளுடன் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

சென்ற மாதம் ஒருநாள், தமக்கு மிகவும் வேண்டியவர் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வாக்கியங்கள் எழுதும்படி கூறியிருந்தேன். ஒரு சிறுமி தன் அப்பம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து, பிழைகளும் அதிகமில்லை. ஆனால், ஓரிடத்தில் ஒரு சொல்லின் முன்பகுதியை மட்டும் பேனாவால் இரண்டு முறை வெட்டியிருந்தாள். நான் கொடுத்த சொற்பட்டியலில் இருந்த 'இன்வல்யுவபிள்' என்ற சொல்லை எழுதி, அதிலுள்ள 'இன்' என்பதை நீக்கி, வெறும் 'வல்யுவபிள்' ஆக்கியிருந்தாள்.

"ஏன் பிள்ளை வெட்டினாய்?" என்று கேட்டேன்.

"இன் எண்டால் இல்லை எண்டு நீங்கள்தானே சேர் சொன்னீங்கள்? அதைப் போட்டால் அப்பம்மா பெறுமதி இல்லாதவ எண்டு வந்திடுமே! அப்படி எழுதலாமோ?"

நான் சிரிக்கவில்லை. அவள் செய்தது பிழைதான். ஆயினும், அப்பம்மாவை ஒரு சொல்லும் தாழ்த்திவிடக்கூடாது என்ற எண்ணத்தினால் வந்த பிழை அது. மேலும், அதே 'இன்' என்னும் இரண்டெழுத்தினால் என் சிறுவயதில் நேரவிருந்த ஒரு பெரிய விபரீதமும் அந்தக் கணத்தில் என் ஞாபகத்துக்கு வந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். எங்கள் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் நடக்கும் நாட்கள். கடலிலே தீர்த்தம் எடுத்து வந்து, அந்தக் கடல்நீரை ஊற்றி விளக்கெரிக்கும் வழமை எங்கள் பகுதிக்கே உரியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்த அற்புதத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பொங்கல் வேளையில் வீதியோரமாக ஓர் எண்ணெய்ப் பவுசர் வந்து நின்றது. அதன் முதுகிலே சிவப்பு நிறத்தில் ஆங்கிலச் சொல்லொன்று பெரிதாக எழுதப்பட்டிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன்: 'இன்பிளமபிள்'. அதற்கு முந்திய வாரந்தான் எங்கள் உபாத்தியாயர் 'இன்' முன்னே வந்தால் 'இல்லை' என்று பொருள்படும் எனப் படிப்பித்திருந்தார். 'பிளேம்' என்றால் சுவாலை என்பதும் தெரியும். ஆகவே, "இந்த எண்ணெய் எரியாதாம்!" என்று நண்பர்களுக்குப் பெருமையுடன் மொழிபெயர்த்துச் சொன்னேன். தண்ணீர் எரிகின்ற ஊரிலே எண்ணெய் எரியாதிருப்பதில் ஆச்சரியம் என்ன? அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஒருவன் கற்பூரத்துக்கென்று கொண்டுவந்த நெருப்புப் பெட்டியை எடுத்துவிட்டான். நல்ல காலம், சாரதி பார்த்துவிட்டார். அன்று அவர் திருகிய காது இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது.

மறுநாள் விஷயத்தை அறிந்த உபாத்தியாயர் கோபிக்கவில்லை. "குற்றம் பாதி என்னுடையது" என்று சொல்லிக் கரும்பலகையின் முன் சென்றார். அன்று அவர் நடத்திய பாடத்தைத்தான் நான் பிறகு எத்தனையோ வகுப்புகளில் நடத்தினேன். மாணாக்கருக்குப் பயன்படும் என்பதால் இங்கும் சுருக்கமாகக் கூறுகிறேன்.

ஆங்கிலத்துக்கு இலத்தீன் மொழியிலிருந்து வந்த 'இன்' இரண்டு. ஒன்று 'இல்லை' எனப்படுவது. மற்றொன்று 'உள்ளே' எனப்படுவது. 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குப் புலப்படாதது; அங்கே வருவது முதலாவது 'இன்'. 'இன்பிளமபிள்' என்பதில் வருவதோ இரண்டாவது. உள்ளே தீயை ஏற்றக்கூடியது, அஃதாவது எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் அர்த்தம். இந்த மயக்கம் எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் தீத்தடுப்பில் ஈடுபட்டோர் 1920களிலேயே இதன் ஆபத்தை உணர்ந்து, 'இன்' இல்லாமல் 'பிளமபிள்' என்றே எழுதவேண்டுமென வற்புறுத்தத் தொடங்கினார்கள். 'இன்' இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும் என்பது கேட்க விநோதமாக இருக்கலாம். ஆனால், நெருப்பின் பக்கத்தில் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை அல்லவா?

'இல்லை' எனப்படும் 'இன்' தனக்குப் பின்வரும் எழுத்துக்கு ஏற்ப உருமாறும். 'பொசிபிள்' முன்னே 'இம்' ஆகி 'இம்பொசிபிள்' என்றும், 'ரெகுலர்' முன்னே 'இர்' ஆகி 'இர்ரெகுலர்' என்றும், 'லீகல்' முன்னே 'இல்' ஆகி 'இல்லீகல்' என்றும் வரும். இவ்விடத்தில் பிள்ளைகள் துள்ளிக் குதித்து, "சேர், இது எங்கட தமிழ் 'இல்'தானே!" என்பார்கள். அன்று, ஓசை ஒன்றுபட்டதேயன்றி உறவு இல்லை. ஆனால், ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'இன்' என்பது லகரத்தின் முன்னே 'இல்' ஆகிறது. தமிழிலோ 'இல்' என்பது மகரத்தின் முன்னே 'இன்' ஆகிறது. இல்லும் மையும் சேர்ந்து இன்மை ஆவதைப் பாருங்கள். இரண்டு மொழிகளும் எதிர்எதிர்த் திசையில் நடந்து, ஒரே வீதியில் ஒன்றையொன்று கடந்துபோவதுபோல இருக்கிறது.

உண்மையான உறவு வேறோர் இடத்தில் உண்டு. ஆங்கிலத்தின் சொந்த மறுப்பாகிய 'அன்', இலத்தீனின் 'இன்', கிரேக்கத்தின் 'அ', வடமொழியின் 'அ' ஆகிய நான்கும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மொழியியலார் கூறுவர். வடமொழியில் நீதி அநீதியாவதும், சுத்தம் அசுத்தமாவதும் நாம் அறிந்தவை. உயிரெழுத்தின் முன்னே அந்த 'அ' தன்னுடன் நகரத்தையும் சேர்த்துக்கொள்ளும். ஆதி அநாதியாவது அவ்வாறே. கிரேக்கத்திலும் இதே வழக்கம் உண்டு. பிளக்கமுடியாதது என்ற பொருளில் அவர்கள் வைத்த 'அட்டம்' என்னும் பெயர்தான் நாம் இன்று அணு என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் வழங்குகிறது. பிளக்கமுடியாதது என்று பெயர்பெற்ற அந்த அணுவை 1938 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் பிளந்துவிட்டார்கள். பெயர் மட்டும் பிளவுபடாமல் அப்படியே நிற்கிறது.

இனி, 'அன்' என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. குணத்தைச் சொல்லும் சொல்லின் முன்னே வந்தால் அந்தக் குணம் இல்லை என்று பொருள். 'ஹப்பி' என்றால் மகிழ்ச்சியுள்ள. 'அன்ஹப்பி' என்றால் மகிழ்ச்சியற்ற. செயலைச் சொல்லும் சொல்லின் முன்னே வந்தாலோ, செய்ததை மறுபடி குலைத்தல் என்று பொருள். 'டை' என்றால் கட்டுதல். 'அன்டை' என்றால் கட்டாதிருத்தல் அன்று, கட்டியதை அவிழ்த்தல். இதனால் ஒரே சொல் இரண்டு முகங்காட்டுவதும் உண்டு. 'அன்லொக்கபிள்' என்ற சொல்லை ஒரு கதவுக்குச் சொன்னால், அது பூட்டமுடியாத கதவாகவும் இருக்கலாம். பூட்டைத் திறக்கக்கூடிய கதவாகவும் இருக்கலாம். எந்த முகம் என்பதைச் சுற்றியுள்ள சொற்களே காட்டவேண்டும்.

'மிஸ்' என்பது தவறாகச் செய்தலைக் குறிக்கும். 'நொன்' என்பது உணர்ச்சியின்றி, 'இந்த வகையைச் சேர்ந்ததன்று' எனப் பிரித்துவைக்கும். 'டிஸ்' என்பதன் ஆதிப் பொருள் அகற்றுதல், பிரித்தல் என்பதாகும். சில சொற்களில் அது வெறும் 'இல்லை'யாகத் தேய்ந்துவிட்டது. ஆனால், பல சொற்களில் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. 'அன்ஆர்ம்ட்' என்றால் ஆயுதம் இல்லாதவன். அவன் ஒருபோதும் ஆயுதத்தைத் தொடாதவனாக இருக்கலாம். 'டிஸ்ஆர்ம்ட்' என்றால் ஆயுதம் களையப்பட்டவன். அவனிடம் முன்பு ஆயுதம் இருந்தது. இந்த வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். பின்னால் நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு அது அவசியம்.

ஆங்கிலம் மறுப்பைச் சொல்லின் தலையிலே வைக்கிறது. தமிழ் அதைச் சொல்லின் நடுவிலோ கடையிலோ வைக்கிறது. இதற்கு உதாரணம் தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை. எங்கள் ஊரின் பெயரே போதும். கண்ணகி மதுரையை எரித்தபின் ஈழத்துக்கு வந்து, பல இடங்களில் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவென்றும், ஆதலாற் பத்தாப்பளை என்ற பெயரே வற்றாப்பளை ஆயிற்றென்றும் பெரியோர் சொல்வர். அந்த ஐதிகத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், இன்று நாம் எழுதும் வடிவத்தைப் பார்க்கும் ஒரு மாணாக்கன் அதிலே 'வற்றா' என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தையே காண்பான். இந்த எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அது காலங்காட்டுவதில்லை. வற்றிய, வற்றுகின்ற, வற்றும் என்று உடன்பாட்டில் மூன்று காலத்துக்கும் மூன்று வடிவங்கள் உண்டு. 'வற்றா' என்பதோ நேற்றும் வற்றவில்லை, இன்றும் வற்றவில்லை, நாளையும் வற்றாது என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

'இல்லை' என்பது எப்போதும் குறையைச் சொல்வதன்று என்பதும் இதனால் விளங்கும். வற்றாத, வாடாத, குன்றாத, அழியாத என்பவையெல்லாம் மறுப்புகளே. ஆனால், வாழ்த்துகளாகவே வழங்குகின்றன. சிறுமி வெட்டிய 'இன்வல்யுவபிள்' என்பதும் இந்தக் குலத்தைச் சேர்ந்தது. 'வல்யூ' என்பதற்குப் பெறுமதி என்றும் பொருளுண்டு, பெறுமதியை மதிப்பிடுதல் என்றும் பொருளுண்டு. இச்சொல்லில் உள்ளது இரண்டாவது பொருள். ஆகவே, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்பதே கருத்து. தமிழிலும் விலைபோகாதது வேறு, விலைமதிப்பற்றது வேறு அல்லவா?

இவ்வளவும் பரீட்சைக்கு உதவும் பாடம். ஆனால், பரீட்சைக்கு வெளியேயும் இந்த முன்னொட்டுகளோடு எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது.

2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யுத்தம் எங்கள் ஊரை நெருங்கியபோது, எல்லோரையும்போல நானும் வீட்டைப் பூட்டி, திறப்பை மடியில் முடிந்துகொண்டு புறப்பட்டேன். அவ்வருடம் மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது நாங்கள் செட்டிகுளத்து முகாமிலே இருந்தோம். அங்கே கூடாரங்களுக்கிடையில் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பிக்கத் தொடங்கினேன். வாசிப்பதற்குப் புத்தகம் இல்லை. ஆதலால், கண்ணிற்பட்ட அறிவித்தல்களையே வாசித்தோம். எந்த அறிவித்தலைப் பார்த்தாலும் அதில் 'டிஸ்பிளேஸ்ட்' என்ற சொல் இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் 1945 இல் முடிந்தபோது ஐரோப்பாவில் வீடுவாசல் இழந்து நின்ற இலட்சக்கணக்கான மக்களைக் குறித்துப் பரவலாக வழங்கிய சொல் அது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் எங்களிடமும் வந்து சேர்ந்தது.

"சேர், இடமில்லாத ஆக்கள் எண்டோ அர்த்தம்?" என்று ஒரு சிறுவன் கேட்டான்.

உபாத்தியாயரின் கரும்பலகை என் கண்முன் வந்தது. "இல்லையடா தம்பி. இடமே இல்லாதவனுக்கு 'டிஸ்' போடமாட்டார்கள். இது இடத்திலிருந்து அகற்றப்பட்டவன் என்று சொல்லுகிறது. உனக்கு ஓர் இடம் இருந்தது, இருக்கிறது என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி" என்றேன். சொல்லும்போது மடியிலிருந்த திறப்பு என் கைக்குத் தட்டுப்பட்டது.

சில காலத்தின்பின் ஊருக்குத் திரும்பினோம். திறப்பு இருந்தது, கதவு இருக்கவில்லை. ஊரின் ஓரங்களில் சிவப்பு அறிவித்தற் பலகைகள் நின்றன. கண்ணிவெடி அகற்றுவோரின் பேச்சில் அடிக்கடி வந்த ஒரு சொல் 'அன்எக்ஸ்புளோடெட்'. தமிழில் வெடிக்காத என்போம். இந்த ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்குவதில் நான் எடுத்த கவனத்தை வேறெந்தச் சொல்லுக்கும் எடுத்ததில்லை. ஏனென்றால், தமிழின் எதிர்மறைப் பெயரெச்சம் காலங்காட்டாது என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அந்தப் பெருமையே இங்கு ஆபத்தாக மாறுகிறது. வெடிக்காத குண்டு என்று கேட்கும் சிறுவன், அது இனியும் வெடிக்காது என்று எண்ணிவிடலாம். ஆங்கிலச் சொல்லோ, வெடிக்கவேண்டியது இன்னும் வெடிக்கவில்லை என்பதையே குறிக்கிறது. பவுசரின் முன்னே நெருப்புப் பெட்டியுடன் நின்ற பையன்களை நினைத்துக்கொண்டு, "இதுவரை வெடிக்காதது என்று சொல்லுங்கள், கண்டால் தொடாதீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வன்னியில் இச்சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருப்பது புள்ளிக்காக அன்று, உயிருக்காக.

அதன்பின் சில ஆண்டுகள் கழித்து ஒரு காலைப்பொழுதில், முதலிலே நான் கூறிய சிறுமியின் அப்பம்மா ஒரு படிவத்துடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன், சிறுமியின் தகப்பன், 2009 இன் பின் வீடு திரும்பவில்லை. அப்போது சிறுமி கைக்குழந்தை. ஆங்கிலத்தில் குழந்தையைக் குறிக்கும் 'இன்பன்ட்' என்ற சொல்லிலும் மறுப்பு உண்டு. பேசாதது என்பது அதன் மூலப்பொருள். பேசத் தெரியாத பருவத்தில் தகப்பனைப் பிரிந்த பிள்ளை அவள்.

"மாஸ்ரர், உதில என்ன எழுதிக் கிடக்குது எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

வாசித்தேன். மகனின் பெயரின் எதிரே தமிழில் காணாமற்போனவர் என்றும், ஆங்கிலத்தில் அவன் 'டிஸ்அப்பியர்ட்' என்றும் இருந்தது. அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

"காணாமற் போனவன் எண்டால், அவன் தானாய்ப் போனமாதிரியெல்லோ கிடக்குது? என்ர பிள்ளை போகேல்லை, மாஸ்ரர்."

நாற்பது ஆண்டுகள் ஆங்கிலம் படிப்பித்த நான் அதுவரை கவனிக்காத ஒன்றை, பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டிராத அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். 'டிஸ்அப்பியர்' என்பது இலக்கணப்படி செயப்படுபொருள் குன்றிய வினை. சூரியன் மறைந்தது, பறவை மறைந்தது என்பதுபோலத்தான் அது நிற்கும். மறைந்தவனே அங்கு எழுவாய். மறைத்தவனுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. தமிழில் காணாமற்போனான் என்பதும் அப்படியே.

இந்தக் குறையை முதலில் உணர்ந்து வழக்கை மாற்றியவர்கள் இலத்தீன் அமெரிக்க மக்கள். 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சியிலிருந்த ஆர்ஜென்ரீனாவில் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் தலைநகரின் சதுக்கத்திலே கூடினார்கள். அக்காலத்தில் ஸ்பானிய மொழியிலே, ஒருவனை மறையச் செய்தல் என்ற பொருளில் அவ்வினை வழங்கலாயிற்று. ஆங்கிலமும் அதைப் பின்பற்றியது. ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசெம்பரில் இதற்கென ஒரு சர்வதேச சமவாயத்தை நிறைவேற்றியது. இலங்கை அதனை 2016 இல் ஏற்றது. 2018 இல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. தமிழிலும் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற வழக்கு நிலைபெற்றது. 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் அந்தச் சொல்லைத்தான் தம் பதாகைகளில் எழுதினார்கள். 'போன' என்பதற்கும் 'ஆக்கப்பட்ட' என்பதற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.

அன்று நான் அந்தப் படிவத்துடன் ஒரு கடிதம் எழுதி இணைத்தேன். காணாமல் ஆக்கப்பட்டவர் என்று எழுதி, ஆங்கிலத்திலும் அதற்கேற்பத் திருத்தினேன். வாசித்துக் காட்டியதும், "இப்ப சரி" என்றார். அவ்வளவுதான். மகன் வரவில்லை. இன்றுவரையும் அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒரு சொல்லைத் திருத்துவதால் ஒரு மனிதன் திரும்பி வந்துவிடுவான் என்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. ஆனால், தன் பிள்ளையைப் பற்றிய ஒரு வாக்கியம் உண்மையாக இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை ஒரு தாய்க்கு உண்டு.

அந்த அம்மாவைப் பற்றித்தான் சிறுமி பத்து வாக்கியங்கள் எழுதியிருந்தாள். கொப்பியை அவள் பக்கம் திருப்பி வைத்து, 'இன்வல்யுவபிள்' என்பதன் கருத்தைச் சொன்னேன். "உன்ரை அப்பம்மாவுக்கு விலைபோட ஒருவராலும் ஏலாது எண்டு அர்த்தம். வெட்டினதைத் திருப்பி எழுது, பிள்ளை" என்றேன். அவள் மிகவும் கவனமாக 'இன்' என்ற எழுத்துகளை மீண்டும் எழுதினாள்.

ஆங்கிலம் பயிலும் மாணாக்கருக்கு முடிவாக ஒன்று சொல்லிவைக்க விரும்புகிறேன். முன்னொட்டுகளைப் பட்டியலிட்டு மனனஞ் செய்யுங்கள், அது தேவைதான். ஆனால், ஒரு சொல்லின் முன்னே 'இல்லை' நிற்பதைக் கண்டால், அதன் பின்னே நிற்பது என்ன என்பதையும் ஒருமுறை பாருங்கள். எந்த மறுப்பும் தான் மறுக்கும் பொருளை விழுங்கிவிடுவதில்லை. அதைத் தன்னோடு சுமந்தே நடக்கிறது. 'டிஸ்பிளேஸ்ட்' என்பதற்குள் ஓர் இடம் இருக்கிறது. 'டிஸ்அப்பியர்ட்' என்பதற்குள், ஒருகாலத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடமாடிய ஒரு மனிதன் இருக்கிறான்.

இதை எழுதும்போது கோடைகாலம். நந்திக்கடலின் ஓரம் உள்வாங்கி, சேறு வெடித்துக் கிடக்கிறது. மாரி வந்தால் நிரம்பிவிடும். அதுவரை, வற்றா என்று பெயரிட்டவர்களின் சொல்லை நம்பித்தான் நாங்களும் இருக்கிறோம்.